கிஷோபனின் காதுக்குள்

சத்தம் எனக்கு ஆகாது. எம்மன்புரூக்கேயில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கக் கூடாது, மெஷின் சத்தம் கேட்கும் என்று. பதினேழு வருடங்களில் நான் அதை ஒரு தடவையும் மீறியதில்லை. கட்டடப் பொறுப்பாளரிடம் விசாரித்துப் பாருங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. டொச்சில், உங்கள் ஜெர்மன் மொழியில் எழுதினால் நான் ஒரு கோபக்காரன் மாதிரித் தெரிவேன்.

என் பெயர் தவச்செல்வன். கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலியமைப்புச் செய்து வந்தவன். கிஷோபன் லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தானே எழுதித் தானே பாடும் ராக் பாடகன். பதினொரு வருடங்களுக்கு முன் அவனும் அவனுடைய ‘பேப்பர் ஹார்பர்’ குழுவும் ஷாஃப்ஹவுசனில் ஒரு இளைஞர் மண்டபத்துக்கு வந்தார்கள். கேட்க வந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் பெரிய காரியம். ஒலிப்பெட்டிகள் என்னுடையவை. அவன் சுதி விலகி விலகிப் பாடினான். அவனில் பிழையில்லை, டிரம்ஸ் அடிக்கிற அடியில் அவனுக்குத் தன் குரலே கேட்கவில்லை. இடைவேளையில் ஒரு பெட்டியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை, நீங்கள் எங்களோட வாறீங்களோ?”

போனேன். இரண்டாவது அல்பம் அவர்களை வானொலிக்குக் கொண்டுபோனது. மூன்றாவது, ஜெர்மனியிலும் பிரான்சிலும் முப்பதாயிரம் பேர் நிற்கும் திறந்த வெளிகளுக்கு. பஸ்ஸின் பின் இருக்கையில் அவன் எழுதும் பாட்டை முதலில் கேட்டவன் நான். டிரம்ஸ் வாசிக்கும் ஓவன்கூட எனக்குப் பிறகுதான். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில்தான் தங்குவான். எனக்கும் கஜலக்சுமிக்கும் பிள்ளைகள் இல்லை. அவன்மேல் எனக்கு உயிர்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மேடையில் அவன் காதுகளுக்கு அளவெடுத்துச் செய்த இயர்போன்களைப் போட்டுக்கொள்வான். அதற்குள் என்ன சத்தம், எவ்வளவு சத்தம் என்பதை மேடையோரம் நின்று நான் விரலால் வைப்பேன். சனம் கேட்பது வேறு. அளவு மீறினால் தானாகவே அடக்குவதற்கு ஒரு பூட்டும் இருக்கிறது.

நான்காவது அல்பம் எடுபடவில்லை. இந்த வருடம் பெப்ரவரியில், பாசல் எல்லையைக் கடந்து பஸ் வந்துகொண்டிருந்தபோது அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணை, நவம்பரோட குழுவை நிப்பாட்டப் போறன். பிறகு தனிய, ஒரு கிட்டாரோட, சின்னச் சின்ன இடங்களில பாடப் போறன். காதில ஒண்டும் போடாமல்.”

“அப்ப நான்?”

“நீங்கள் வீட்டில இருந்து ஆறுதலா இருங்கோவன்.”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. நான் இல்லாமல் அவனால் பாட முடியாது. ஷாஃப்ஹவுசனில் அதை நான் கண்ணால் பார்த்தேன், அவன் மறந்துவிட்டான். அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மார்ச் மாதம் லோசானில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு படி கூட்டினேன். ஒரு படி யாருக்கும் தெரியாது. காது பழகிவிடும், பிறகு தானாகவே இன்னும் வேண்டும் என்று கேட்கும். ஜூன் மாதம் மேடையில் நின்றபடி அவனே எனக்கு விரலை உயர்த்திக் காட்டத் தொடங்கினான். அவன் கேட்டான், நான் கொடுத்தேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொரு நிகழ்ச்சிகளின் அளவுகளும் என் கணினியில் நாள்வாரியாக இருக்கின்றன. அழித்திருக்கலாம். ஆனால் செய்த வேலையை மறைத்துப் பழக்கமில்லை.

ஆகஸ்டில் காதுக்குள் இரைகிறது என்றான். லூசேர்னில் ஒரு காது வைத்தியரிடம் நானே கூட்டிப்போனேன். முடிவு கடிதமாக வரும் என்றார்கள். என் விலாசத்தைக் கொடுத்தோம். அது வந்தபோது அவன் லண்டனில் நின்றான். கடிதம் டொச் மொழியில் இருந்தது. காது நரம்பு பழுதாகிக்கொண்டிருக்கிறது, பெரிய சத்தத்தை உடனே நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று தெளிவாக எழுதியிருந்தார். இரண்டு தடவை வாசித்துவிட்டு அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“என்னவாம் அண்ணை?”

“ஒண்டுமில்லையாம். அலைச்சலாம். தண்ணி நல்லாக் குடிக்கட்டாம்.”

“பாடலாமோ?”

“ஓம், பாடலாமாம்.”

அவன் பெருமூச்சு விட்டது தொலைபேசியில் கேட்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் பழைய பேப்பரோடு கட்டி வைத்தேன்.

ஒக்டோபரில் சூரிச் நிகழ்ச்சிக்கு முன் மேசையில் கிடந்த கிஷோபனின் இயர்போனை ஓவன் சும்மா எடுத்துக் காதருகே கொண்டுபோனான். நெருப்பைத் தொட்டவன்போலக் கீழே போட்டான். இது யார் வைத்த அளவு என்று கேட்டான். அவன் கேட்டதுதான் என்றேன். ஓவன் முகம் வெளுத்து மனேஜரைத் தேடி ஓடினான். அதற்குள் கிஷோபன் இயர்போன்களைப் போட்டுக்கொண்டு மேடையேறிவிட்டான்.

அன்றைக்கு நான் குறைத்திருக்கலாம். ஒரு விரல் வேலை. ஓவன் மனேஜரோடு திரும்பி வருவதற்கு எனக்கு மூன்று பாட்டு நேரம் கிடைத்தது. இனி இந்த வேலை என்னிடம் இருக்காது என்று தெரிந்தது. மூன்று படி ஒரேயடியாகக் கூட்டினேன். நான்காவது பாட்டின் நடுவில் அவன் நின்றான். இரண்டு இயர்போன்களையும் கழற்றினான். கத்திக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, ஏன் எல்லாரும் அமைதியாகிவிட்டீர்கள் என்று கேட்டான்.

நான் குற்றமற்றவன், ஓவனுக்குப் பொறாமை என்று அவன் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அதை நம்பாதீர்கள். அந்தக் காதுகளைக் கெடுத்தவன் நான். தெரிந்து, கணக்காக, நாற்பத்தொரு நிகழ்ச்சிகளில் செய்தேன்.

சனிக்கிழமை ஓவன் அவனை லண்டனுக்குக் கூட்டிப்போக வருகிறான் என்று கேள்விப்பட்டேன். உங்களால் முடிந்தால் அதை நிறுத்துங்கள். நேற்று எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புதுப்பாட்டு ஒன்று பாடினான். முதல் வரியிலேயே சுதி போய்விட்டது; இரண்டாம் வரி வேறு ஏதோ மெட்டு. கஜலக்சுமி முகத்தை மறைத்துக்கொண்டு எழும்பிப் போனாள். பாடி முடித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சுதி சரி என்று தலையாட்டினேன். அவன் சிரித்தான். லண்டனில் அவனுக்கு இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?