இரவல் கொடுத்த டில்லர்

ஒருவருக்கு மண் உழும் டில்லரை இரவல் கொடுப்பதற்கு முன்னால், கைப்பிடியின் உயரத்தை அவருடைய இடுப்புக்குத் தக்கபடி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு போல்ட் வேலைதான். பலர் செய்வதில்லை. பிறகு முதுகு வலிக்கிறது என்று இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். நான் என் மைத்துனனுக்குச் சரியாக மாற்றிக் கொடுத்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

பதினெட்டு வருடமாகத் தோட்டக் கருவிகள் பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். நான் முடுக்கிய போல்ட் கழன்றுவிட்டதென்று யாரும் திரும்பி வந்ததில்லை. வீட்டு டில்லரையும் அப்படித்தான் வைத்திருந்தேன். உழுது முடித்த அன்றே கத்திகளில் சுற்றிய புல்லையும் வேரையும் அறுத்தெடுப்பேன். ஈரம் காய்ந்ததும் எண்ணெய் தடவுவேன். ஓட்டாத மாதங்களில் தொட்டியில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்காது. கொட்டகையில் பலகை மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவிடுவேன். பிள்ளை இல்லாத வீட்டில் அதைத்தான் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறேன் என்று மைத்துனன் கேலி செய்வான். நானும் கூடச் சிரிப்பேன். அவன் என் மனைவியின் தம்பி, லாரி ஓட்டுபவன், வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டு வருடத்துக்கு முன், நான் பட்டறைக்குப் போயிருந்த ஒரு நாள், எங்கள் தோட்டத்தை உழுது கொடுக்க வந்தான். கத்திகளுக்கு மேலே, காலைக் காப்பதற்கென்று ஒரு தகடு உண்டு. அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உழுதிருக்கிறார்கள். பாதி வேலையில் லோடு வந்துவிட்டதென்று அவன் கிளம்பிப் போய்விட்டான். மீதியை என் மனைவி உழுதாள். ஈர மண் வழுக்கியது. வலது பாதத்தில் பாதி போயிற்று. அவள் தையல்காரி, ஐயா. மிதி இயந்திரம்.

மருத்துவமனையில் அவள் கட்டிலருகே நின்று கேட்டேன்: "தகட்டை யார் கழட்டினது?"

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நான்தான் மாமா. மண்ணு சிக்கிக்கிட்டே இருந்துச்சு. அக்காவும் கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் ஐயா.

என் மனைவி மூன்றே மாதத்தில் இடது காலால் மிதிக்கப் பழகிவிட்டாள். தம்பி வந்தால் வாசலிலேயே இருவருக்கும் சிரிப்பு தொடங்கிவிடும். "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு. அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசுங்க" என்பாள். பேசினேன். வயிற்றில் இருப்பதை முகத்தில் காட்டுகிறவன் இல்லை நான். ஆறப் போட்டால் எல்லாம் ஆறிவிடும் என்பார்கள். சிமெண்டை ஆறப் போட்டுப் பாருங்கள்.

போன மாதம் அவன் புது வீட்டுக்குக் குடிபோனான். பின்பக்கம் உழ வேண்டியிருந்தது.

"மாமா, உங்க தொட்டில் பிள்ளைய ரெண்டு நாள் தர்றீங்களா?"

"அதுக்கென்ன மாப்பிள்ளை, நானே கொண்டுவர்றேன்."

கொண்டுபோவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று பக்கமும் சுவர். வீட்டுக்கு வந்து டில்லரைப் பிரித்து எண்ணெய் மாற்றினேன். கத்திகளுக்கு அரம் போட்டேன். பின்னோக்கி எடுக்கும் பிடியை விட்டதும் கத்திகள் நின்றுவிட வேண்டும். அதற்கென்று ஒரு வயர் இருக்கிறது. விட்டாலும் நிற்காதபடி அதை மாற்றி வைத்தேன். முன்னால் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நுணுக்கமான வேலை, ஒரு மாலைப் பொழுது முழுவதும் பிடித்தது.

காலையில் கொண்டுபோய் இறக்கினேன். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் டில்லரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"தகடு எங்க மாமா?"

"மண்ணு சிக்கும்னு கழட்டிட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு கைப்பிடியைப் பிடித்தான்.

"சுவர் ஓரத்துல இருந்து ஆரம்பி. பின்னால எடுத்துத் திருப்பிக்கோ" என்றேன். சொன்னபடியே செய்தான். டில்லர் அவனைச் சுவரோடு வைத்து நெருக்கியது. பிடியை விட்டுவிட்டான், நான் பார்த்தேன். நிறுத்தும் சுவிட்ச் இன்ஜின் பக்கம் இருக்கிறது. அவன் கைக்கு எட்டாது. என் கைக்கு எட்டும்.

"மாமா, நிறுத்துங்க."

"கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம், மாப்பிள்ளை."

அவன் வேறு என்னவோ சொல்லப் பார்த்தான். இன்ஜின் சத்தத்தில் 'தகடு' என்றும் 'அக்கா' என்றும்தான் காதில் விழுந்தது. வலியில் மனிதர்கள் உடன்பிறந்தவர்களைக் கூப்பிடுவது இயல்பு.

அவன் குரல் ஓய்ந்ததும் சுவிட்சை அணைத்தேன். பிறகு அங்கேயே வழக்கமான வேலைகள். கத்திகளைக் கழுவ அன்று கூடுதல் நேரம் பிடித்தது. பெட்ரோலை வடித்தேன், எண்ணெய் தடவினேன், தார்ப்பாய் போட்டு மூடினேன். கை கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொன்னாராமே. உண்மைதான். நான் தார்ப்பாய் கட்டும்வரை அவனுக்கு மூச்சு இருந்தது.

நேற்று என் மனைவி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தகட்டைக் கழட்டச் சொன்னது நான். அவன் வேண்டாம்னுதான் சொன்னான். உங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு நான் நடுங்குனதைப் பார்த்துட்டு, பழிய அவன் ஏத்துக்கிட்டான்."

இதையே இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். என்னைப் பார்த்து நடுங்க என்ன இருக்கிறது, ஐயா? நான் கை ஓங்கியவன் இல்லை. ஒரு ஸ்பானரை இடம் மாற்றி வைத்ததற்காக அவளோடு நாற்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி பேர் கெடக்கூடாதென்று இப்படிச் சொல்கிறாள்; நான் வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.