பானெட் தூசியில் எழுதின பேரு

வெள்ளையம்மாள்: எரிஞ்சு போச்சா? எந்த வண்டி அண்ணே?

அழகர்சாமி: உங்க டாக்சிதான் தங்கச்சி. மணப்பாறை ரோட்டுல பத்தி எரிஞ்சிடுச்சாம். இன்சூரன்ஸ் பணம் கேட்டு எங்க கம்பெனிக்கு மனு வந்திருக்கு.

வெள்ளையம்மாள்: நல்ல கூத்தா இருக்கே. காலையிலதான் டிரைவர் சின்னையன் தொடச்சு எடுத்துட்டுப் போனான். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசல்ல நிக்கும், போய்த் தொட்டுப் பாருங்க.

அழகர்சாமி: தொட்டுப் பாத்துட்டுத்தான் வரேன். சூடு இல்ல.

வெள்ளையம்மாள்: அப்புறம் என்ன? காப்பி ஆறுது, குடிங்க. அடுப்புல கத்திரிக்காய் வேற வதங்குது...

அழகர்சாமி: மனு போட்டது யாருன்னு கேக்கலியே.

வெள்ளையம்மாள்: எவனோ களவாணி.

அழகர்சாமி: கீழ உங்க வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கு.

வெள்ளையம்மாள்: அவங்க எதுக்கு இல்லாத தீயை வைக்கப் போறாங்க? ஊர்லயே இல்ல. யாரோட லாரியிலயோ லோடு ஏத்திக்கிட்டு...

அழகர்சாமி: மணப்பாறை போயிருக்காரு, நாளைக்கு வந்துடுவாரு. அதானே? அம்பத்தஞ்சுல போனவரு. இப்ப அறுபத்திநாலு. அந்த மணப்பாறை என்ன சீமையிலயா இருக்கு?

வெள்ளையம்மாள்: கிண்டலா அண்ணே?

அழகர்சாமி: வருஷா வருஷம் ஆவணியில இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற பாரத்தைக் கொடுத்துட்டுப் போறேன். மறுநாள் வந்தா கையெழுத்து தயாரா இருக்கும். ஆளை ஒரு தடவை பாக்கணும்னு எப்பவாவது கேட்டேனா?

வெள்ளையம்மாள்: ...கேக்கல.

அழகர்சாமி: ஏன் கேக்கல?

வெள்ளையம்மாள்: நல்ல மனுஷன்னு நெனச்சேன்.

அழகர்சாமி: நல்ல மனுஷனும் இல்ல ஒண்ணும் இல்ல, பயந்தாங்கொள்ளி. கேட்டா நீங்க உள்ளதைச் சொல்லிடுவீங்க. அப்புறம் நான் அதைக் கம்பெனியில சொல்லணும்.

வெள்ளையம்மாள்: அப்ப... உங்களுக்குத் தெரியுமா?

அழகர்சாமி: ரெண்டாவது வருஷமே தெரியும். பாரத்து ஓரத்துல மஞ்சள் விரல் பதிஞ்சிருந்துச்சு. எந்த டாக்சிக்காரன் மஞ்சள் பூசிக்கிட்டுக் கையெழுத்துப் போடறான், தங்கச்சி?

வெள்ளையம்மாள்: ரெண்டு பொட்டப்புள்ளைங்க அண்ணே. அந்த வண்டி ஓடினாத்தான் வீட்டுல உலை கொதிக்கும். என் பேருக்கு மாத்தலாம்னு போனா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. எங்க போய்க் கூட்டியாறது? ஒரு சண்டை இல்ல, சத்தம் இல்ல. சாவியை ஆணியில மாட்டிட்டுப் போனவங்கதான்.

அழகர்சாமி: அது சரி... பழைய பாரத்துல இருக்கற அவரு கையெழுத்தும் உங்களதும் அச்சு அசலா இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?

வெள்ளையம்மாள்: அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க.

அழகர்சாமி: பாருடா.

வெள்ளையம்மாள்: கல்யாணமான புதுசு. திருவெள்ளறைக்கு சவாரி போயிட்டு வந்தா பானெட்டு பூரா செம்மண் தூசி. அதுல சாஞ்சு நின்னுக்கிட்டு, என் பேரைச் சொல்லு, சொன்னாத்தான் வண்டியைக் கழுவுவேன்னு ஒரே ரோதனை. புருஷன் பேரை நான் எப்படிச் சொல்ல...

அழகர்சாமி: ரேஷன் கடையில கேட்டப்பவே, பக்கத்து வீட்டு ஜீனத்தைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வச்ச ஆளாச்சே நீங்க.

வெள்ளையம்மாள்: சிரிக்காதீங்க. 'வாயால சொல்லாட்டி கையால எழுது'ன்னு என் விரலைப் பிடிச்சு அந்தத் தூசியில எழுத வச்சாங்க. மூணு எழுத்து, அடியில நீளமா ஒரு கோடு. கோடு எதுக்குன்னு கேட்டேன். அதுதான் ரோடாம்... அதுமேல இவங்க போறாங்களாம்.

அழகர்சாமி: ம்...

வெள்ளையம்மாள்: எழுதினதை அழிக்கவே விடல. அப்படியே என்னை முன் சீட்டுல உட்கார வச்சு, காவிரிப் பாலத்து மேல ஹாரன் அடிச்சுக்கிட்டே ஜங்ஷன் வரைக்கும் ஓட்டிட்டுப் போனாங்க. போறவங்க வரவங்க எல்லாம் பாக்கறாங்க. எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது, சிரிப்பும் அடங்கல. அந்த மாதிரி ஒரு நாளு அப்புறம் எனக்கு வரவே இல்ல அண்ணே.

அழகர்சாமி: இந்த மனுவைக் கொஞ்சம் பாருங்க.

வெள்ளையம்மாள்: இப்படிக் கொடுங்க.

அழகர்சாமி: அடியில கோடு இருக்கு தங்கச்சி.

வெள்ளையம்மாள்: கோடு யாரு வேணா போடலாம்.

அழகர்சாமி: ஆளே வந்தாரு. போன செவ்வாக்கிழமை ஆபீசுக்கு வந்து, பழைய பாலிசிக் காகிதத்தை நீட்டி, நான்தான் மருதைன்னு நின்னாரு. நரைச்சுப் போய், கன்னம் ஒட்டி... நான் இந்தப் பக்கத்து ஏஜெண்டா வந்ததே அவரு போனப்புறம்தானே, எனக்கு முகம் தெரியாது. வீட்டுல கேட்டு எழுதிட்டு வாய்யான்னு மேனேஜர் அனுப்பிட்டாரு.

வெள்ளையம்மாள்: அவங்கதான்னு நான் சொன்னா?

அழகர்சாமி: வண்டி அவரு பேர்ல இருக்கு. நாளைக்கே வித்துட்டுப் போயிடலாம். நிக்கிற வண்டியை எரிஞ்சுதுன்னு எழுதினவரு, விக்கவா யோசிப்பாரு? நீங்க ஒன்பது வருஷமா போட்டதும் கள்ளக் கையெழுத்துன்னு ஆயிடும்.

வெள்ளையம்மாள்: இல்லைன்னா?

அழகர்சாமி: அடுத்தவன் பேரைச் சொல்லிப் பணம் பிடுங்க வந்த மோசக்காரன். மனு தள்ளுபடி. போலீசுல விடறதா, பஸ் ஏத்தி விடறதான்னு என் பொறுப்பு.

வெள்ளையம்மாள்: நான் ஆளைப் பாக்கணுமா?

அழகர்சாமி: பாக்கணும். கோவிச்சுக்காதீங்க... முதல்லயே சொல்லல. தெருமுனையில ஜட்காவுல உட்கார வச்சிட்டுத்தான் வந்தேன்.

வெள்ளையம்மாள்: இருங்க, வரேன். அடுப்பு வேலை கெடக்கு.

அழகர்சாமி: இப்ப என்ன அடுப்பு... தங்கச்சி, அழறீங்களா?

வெள்ளையம்மாள்: புகை.

அழகர்சாமி: ஜன்னல் வழியாப் பாத்தாலே போதும். அதோ, நீலத் துண்டு...

வெள்ளையம்மாள்: பாத்துட்டேன்.

அழகர்சாமி: என்ன எழுதட்டும்?

வெள்ளையம்மாள்: அந்த ஆளு மருதை இல்ல.

அழகர்சாமி: தங்கச்சி... பேரைச் சொல்லிட்டீங்க.

வெள்ளையம்மாள்: புருஷனா இருந்தாத்தானே அண்ணே சொல்லக்கூடாது.

அழகர்சாமி: ...சரி, எழுதிட்டேன். இதுல உங்க பேர்லயே கையெழுத்துப் போடுங்க. ஆவணியில வழக்கம்போல பாரம் கொண்டு வரேன், மஞ்சள் கையைக் கழுவிட்டுப் போடுங்க.

வெள்ளையம்மாள்: போலீசு கீலீசு வேண்டாம். மணப்பாறை வழியாப் போற திண்டுக்கல் பஸ்ஸுல ஏத்தி விட்டுடுங்க. இந்தப் பொட்டலத்தை அந்த ஆளு கையில கொடுங்க, எலுமிச்சை சாதம். பட்டினி கெடந்த மூஞ்சியா இருக்கு.

அழகர்சாமி: யாரோ எவரோ, அதுக்கு இவ்வளவு கரிசனம். கொடுக்கறதுதான் கொடுக்கறீங்க, வாசனை தூக்குதே அந்தக் கத்திரிக்காய் வதக்கல், அதையும் கொஞ்சம் வைக்கலாமே.

வெள்ளையம்மாள்: வேண்டாம் அண்ணே. கத்திரிக்காய் தின்னா அவங்களுக்கு உதடு வீங்கிடும்.