வானம் இல்லாத கடைசிப் படம்

மேடையில் இருக்கும் போதகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி கில்லண்டர்ஸ் அவர்களே, படகுகளைக் கரையேற்றிவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். இந்தக் காகிதத்தில் என் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. அறுபத்தாறு வயதில், போன குளிர்காலத்தில்தான் எழுதக் கற்றேன். வாசிக்கத் திணறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை நானே எழுதினேன்!

ஸ்காட்லாந்தின் இந்த மேற்குக்கரை மலைகளில், இன்று நாம் நினைவுகூரும் புகைப்படக் கலைஞர் ஃபார்கர் கில்லண்டர்ஸ் அவர்களுக்குப் பதினாறு ஆண்டுகள் இருட்டுக் கூடாரம் சுமந்தவன் நான். கண்ணாடித் தட்டின் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். ஆகவே கூடாரமும் கூடவே ஏறும். மலை பதியும்வரை கேமராவைத் திறந்து வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் வானத்தைத் தனித் தட்டில் எடுத்து, காகிதத்தில் இரண்டையும் சேர்ப்பார்.

முதலில் அவரிடம் நல்ல மேகத்தட்டு ஒன்றுதான் இருந்தது. துறைமுகமா, ஏரியா, கல்லறையா, எல்லாவற்றுக்கும் அதே மேகம்! "என்ன கில்லண்டர்ஸ், உம்ம மேகத்துக்கு நங்கூரம் போட்டிருக்கா?" என்று இங்கே எத்தனை பேர் கேலி செய்தீர்கள்?

ஒருநாள், புயலில் கணவனை இழந்த எஃபி தன் வீட்டுப் படத்தை வாங்க வந்தாள். பார்த்ததும் முகம் வெளுத்தது.

"இது அவரு கடலுக்குப் போன காலையில இருந்த வானம்யா! இத எதுக்கு என் வீட்டு மேல வச்சீரு?"

கில்லண்டர்ஸ் மேகத்தட்டின் ஓரத்தில் கீறியிருந்த தேதியைப் பார்த்தார். அதே நாள். தட்டை வாசற்கல்லில் போட்டு உடைத்தார். அன்றுமுதல் ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் சொந்த வானம்தான்.

எத்தனை நாள் காத்திருந்தோம்! மூடுபனிக்குள் வெயில் புகுந்தால் போதும். "பாரு லாக்லன்! கிட்ட இருக்கற மலை கரி, அடுத்தது சாம்பல், கடைசி மலை வெறும் மூச்சு!" என்று கத்துவார்.

கடைசி நாளன்று மலை தட்டில் பதிந்துவிட்டது. வானத்துக்காக நின்றோம். மூடுபனி இறங்கியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. காலடியில் ஒரு கல் உருண்டது; அது விழுந்த சத்தம் வரவேயில்லை.

"இறங்கிருவோம் ஐயா."

"பயமா இருந்தா தட்ட எடுத்துக்கிட்டு நீ போ. இது இப்ப விலகிரும்."

போனேன். ஆம், அவரை விட்டுவிட்டுப் போனேன்! மூன்றாம் நாள் பள்ளத்தில் அவர் உடலைக் கண்டெடுத்தோம்.

அந்தப் படத்துக்கு இன்னும் வானமில்லை. பெட்டியில் உள்ள வேறொரு நாளின் வானத்தைச் சேர்க்கலாமே என்கிறார் போதகர். சேர்க்கலாமா? எஃபி இங்கேதான் இருக்கிறாள், கேட்டுப்பாருங்கள்!

திங்கட்கிழமை, அந்த வானத்தை எடுக்க அதே இடத்துக்கு நான் ஏறுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. கூடாரம் பிடிக்க இன்னொருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்? வருகிறவருக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: மூடுபனி இறங்கினால், உங்களை விட்டு நான் முதலில் இறங்கமாட்டேன்.