மாப்பிள்ளை ஊர்வலத்தில் யாருக்கு முன்னிடம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் மடியில் உறை போட்ட நாதஸ்வரம், பேண்டு செட்டுக்காரரான மற்றவர் மடியில் கிளாரினெட் பெட்டி. மேலே ஒரே கல்யாணத்துக்குத்தான் இருவரும் வாசிக்கப் போகிறார்கள்.

நாதஸ்வரக்காரர் சொன்னார்: "நான் எல்லாச் சங்கீதத்தையும் மதிக்கிறவன் தம்பி. அதனாலதான் ஊர்வலத்துல பேண்டு முன்னாடி போகட்டும்னு விட்டுக்குடுத்தேன். என் காதுக்கு நல்ல தூரமா இருக்கும்ல."

"உங்க பெருந்தன்மை யாருக்குங்கண்ணே வரும்? மாப்பிள்ளை கார்கிட்ட நீங்கதான் வாசிக்கணும். அவராலதான் எந்திரிச்சு ஓட முடியாது" என்றார் பேண்டுக்காரர்.

பெருமாள்மலை வரை இப்படியே ஒருவரையொருவர் மதித்தார்கள். என் பக்கத்தில் ரிக்கார்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்த மைக்செட்டுக்காரர் அப்போதுதான் பணிவாகத் தலையை நீட்டினார்.

"நானும் அந்தக் கல்யாணத்துக்குத்தாங்க வர்றேன். நீங்க வாசிச்சு முடிக்கிற வரைக்கும் பெட்டியத் தொறக்க மாட்டேன். வித்வான்களுக்கு மரியாதை வேணும்ல? அதான், முதல் தெருவோட உங்கள முடிக்கச் சொல்லிட்டாங்க கல்யாண வீட்டுல."

அதன் பிறகு, கிளாரினெட்டின் குழைவு எந்த வாத்தியத்துக்கு வரும் என்று நாதஸ்வரக்காரரும், நாதஸ்வரத்துக்கு முன்னால் கிளாரினெட் எம்மாத்திரம் என்று பேண்டுக்காரரும் கொடைக்கானல் வரை ஓயவே இல்லை.