குளிப்பாட்டும் காட்சி

அக்கா: ...கதவை மெதுவாச் சாத்துடி. உள்ள படம் பாக்குறவங்க திரும்பிப் பாக்குறாங்க.

நெட்டை: சாத்திட்டேன். நீ எதுக்கு எந்திரிச்சு வந்த?

அக்கா: கால் மரத்துப் போச்சு.

நெட்டை: பொய்.

அக்கா: சரி, பொய்தான். நீ எதுக்குப் பின்னாலயே வந்த?

நெட்டை: எனக்கும் கால் மரத்துச்சு.

அக்கா: வாய் மட்டும் நல்லாக் கத்துக்கிட்ட. உக்காரு, அந்த சோபா காலியாத்தான் இருக்கு.

நெட்டை: நீ உக்காரு. இந்தப் பக்கம் நாலு தடவை, அந்தப் பக்கம் நாலு தடவை... எனக்குத் தலை சுத்துது.

அக்கா: உக்கார முடியலடி. படமா அது? குழாய் சொட்டுது, சொட்டுது, சொட்டிக்கிட்டே இருக்கு. ஒரு மனுஷி எந்திரிச்சுப் போயி மூட மாட்டாளா? எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு.

நெட்டை: முன் சீட்டுக்காரன் அதுக்கே அழுதான்.

அக்கா: தண்ணி வீணாப் போகுதேன்னு அழுதிருப்பான்.

நெட்டை: சிரிக்க வைக்காத. உள்ள கேக்கும்.

அக்கா: கேக்கட்டும். நாம முதல் முதலாப் பாத்துக்கிட்டத எப்படி எடுத்திருக்கான், பாத்தல்ல? வெள்ள முகாம்ல நீ நடுங்கிக்கிட்டு வர்ற. நான் என் போர்வையில பாதிய எடுத்து உனக்குப் போத்தி விடுறேன். பின்னால வயலின் வேற.

நெட்டை: நீ போர்வையைப் பிடுங்கின.

அக்கா: என் போர்வைடி அது!

நெட்டை: நான் உன்னை அடிச்சேன்.

அக்கா: பளார்னு. காது அடைச்சுப் போச்சு. அதைக் காணவே காணோமே படத்துல.

நெட்டை: அவன் கேட்டான். நான் சொன்னேன், அடிச்சேன்னு. அவன் எழுதல.

அக்கா: அவர் கேட்டார், எழுதலன்னு சொல்லு. பெரிய இயக்குநர்.

நெட்டை: நீதான் எப்பவும் அவன்னு சொல்ற.

அக்கா: நான் வீட்டுக்குள்ள சொல்லுவேன்டி! என் வாயைப் பாத்துப் பேசக் கத்துக்கிட்டது உன் தலையெழுத்து. திட்டுறதுக்குத்தான் ஆகும் அந்தத் தமிழ்.

நெட்டை: உஷ்... அவனே வர்றான்.

இயக்குநர்: அம்மா! இங்கயா இருக்கீங்க? ரெண்டு சீட்டும் காலியா இருக்கவும் பதறிட்டேன். என்னாச்சு? ஏசி அதிகமா இருக்கா? இல்ல... படம் போரடிக்குதா?

நெட்டை: ஆமா.

அக்கா: ஏய்! அவ கிடக்குறாப்பா. நல்லாத்தான் இருக்கு. மெதுவா... நல்லா இருக்கு.

இயக்குநர்: எனக்கும் உள்ள இருப்புக் கொள்ளலம்மா. யாராவது இருமினா என்னைத் திட்டுற மாதிரியே இருக்கு. ஆனா இப்ப நீங்க வெளிய வரக்கூடாது. அடுத்துத்தான் குளிப்பாட்டுற காட்சி. ஒரே ஷாட், வெட்டே கிடையாது. படத்தோட உயிரே அதுதான்.

அக்கா: தெரியும்ப்பா. அதான் வந்துட்டேன்.

இயக்குநர்: ...மன்னிச்சுக்குங்க. நான் யோசிச்சிருக்கணும்.

அக்கா: விடு. நீ எடுக்குறத எடுத்துட்ட. நான் பாக்க முடியாதத விட்டுட்டேன். அவ்வளவுதான்.

இயக்குநர்: அப்ப ஒண்ணு பண்ணலாம். படம் முடிஞ்சதும் மேடையில நான் பேசுறத இப்பவே சொல்லிடுறேன். தப்பு இருந்தா திருத்துங்க. "ஏரிக்கரை உடைஞ்ச அன்னைக்கு, சலவை ஆலையில வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க இவங்க ரெண்டு பேரோட பொண்ணுங்களும். ஒருத்தர் இந்த ஊர்லயே துணி தைக்கிறவங்க. இன்னொருத்தர் கடல் கடந்து பிழைக்க வந்தவங்க. ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியாது..."

நெட்டை: திட்டினது புரிஞ்சுது.

அக்கா: குறுக்க பேசாத. நீ சொல்லுப்பா.

இயக்குநர்: "துணி தைக்கிற இவங்க பொண்ணோட உடம்பு கிடைச்சுது. கடல் கடந்து வந்தவங்க பொண்ணு கிடைக்கவே இல்ல. ஆனாலும் அந்தத் தாய் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகல. வாராவாரம் இவங்க பொண்ணோட கல்லறைக்குத் துணையா வந்தாங்க..."

நெட்டை: வாராவாரம் இல்ல. மழைக்குப் போகல.

அக்கா: மழையிலயும் போனடி. குடை பிடிச்சவ நான்.

இயக்குநர்: இது... இதுதாம்மா படம்! பறிகொடுத்து ஒண்ணும் கிடைக்காதவங்க, கிடைச்சவங்களுக்கு ஆறுதல் சொல்றது. இதை நான் எங்க போய்க் கண்டுபிடிக்கிறது?

அக்கா: ம்... போதும்ப்பா. நீளமாப் பேசாத.

இயக்குநர்: இன்னும் ஒண்ணு இருக்கு. மேடையில திடீர்னு சொல்லி உங்களை அசத்தணும்னு நினைச்சேன். இப்ப பயமா இருக்கு, அதனால இங்கயே சொல்லிடுறேன். கல்லறைக்கு ஒரு கல்லு செஞ்சிருக்கோம். படக்குழு சார்பா. கறுப்புக் கல்லு, வழவழன்னு. நாளைக்கு நடுறோம். உங்க பொண்ணு பேரை வெட்டியாச்சு.

அக்கா: ...யாரைக் கேட்டு?

இயக்குநர்: அம்மா?

அக்கா: யாரைக் கேட்டு வெட்டின? இத்தனை நாளா அங்க வெறும் மண்ணுதானே இருக்கு? நான் கல்லு வைக்க வக்கில்லாமலா வைக்காம இருந்தேன்?

நெட்டை: கத்தாத. நல்ல கல்லு சொல்றான். வைக்கட்டும்.

அக்கா: நீ சும்மா இரு.

நெட்டை: உன் பொண்ணு பேரு இருக்கட்டும். மழையில மண்ணு கரையுது. எனக்குப் பிடிக்கல. கல்லு வேணும்.

அக்கா: சும்மா இருன்னு சொன்னேன்ல!

இயக்குநர்: நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல. வேண்டாம்னா நிறுத்திடுறேன்மா, மேடையிலயும் சொல்லல...

அக்கா: இருப்பா, இரு. கொஞ்சம் மூச்சு விட்டுக்குறேன்... அந்தக் கல்லுல இன்னும் இடம் இருக்கா?

இயக்குநர்: எதுக்கும்மா?

அக்கா: இன்னொரு பேருக்கு.

இயக்குநர்: இவங்க பொண்ணு பேரையும் நினைவுக்குச் சேக்கணும்னு சொல்றீங்களா? ஐயோ, எனக்கு இது தோணவே இல்லையே! ரெண்டு பொண்ணுங்களும் ஒரே கல்லுல... இருக்கும்மா, கீழ இடம் இருக்கு.

அக்கா: கீழ இல்ல. மேல. முதல்ல அவ பொண்ணு பேரு. அதுக்குக் கீழ, கொஞ்சம் சின்னதா, என் பொண்ணு பேரு. வேற கல்லுல புதுசா வெட்டணும்னாலும் வெட்டு.

இயக்குநர்: ஆனா அங்க படுத்திருக்கிறது உங்க பொண்ணுதானே...

நெட்டை: ஆமா. இவ பொண்ணு. இவளுக்குத் தூக்கம் இல்ல, ஏதோ பேசுறா. நீ எழுதினது எழுதினபடி இருக்கட்டும்.

அக்கா: நீ உள்ள போப்பா. படம் முடியட்டும், நான் வந்து சொல்றேன். போ... கதவை மெதுவாச் சாத்து.

நெட்டை: பைத்தியமா உனக்கு?

அக்கா: இருக்கலாம்.

நெட்டை: ஆஸ்பத்திரியில நீ சொன்ன, என் பொண்ணுன்னு. கையெழுத்துப் போட்ட. முடிஞ்சுது.

அக்கா: சொன்னேன். முகம்னு சொல்ல ஒண்ணும் மிச்சம் இல்ல. ஆலை கொடுத்த அதே சட்டை, அதே நீளச் சடை. பாத்த மாத்திரத்துல கட்டிப் பிடிச்சுட்டேன். அப்ப என் பொண்ணுன்னுதான் நம்பினேன். சத்தியமா.

நெட்டை: தெரியும். அதுக்கு என்ன இப்ப?

அக்கா: நீ எனக்குப் பக்கத்துலயே நின்ன. உனக்கு அடையாளம் தெரிஞ்சுதுல்ல?

நெட்டை: தெரியல.

அக்கா: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

நெட்டை: ...கால்ல ரெண்டாவது விரல் வளைஞ்சு இருந்துச்சு. எனக்கும் அப்படித்தான்.

அக்கா: பாவி! அப்பவே கையைக் காட்டியாவது சொல்லியிருக்கலாம்ல?

நெட்டை: நீ கத்திக்கிட்டே இருந்த. முகாமுக்கு வந்த நாள்ல இருந்து கத்தின. யாரும் தூங்கல. அவளைக் கட்டிப் பிடிச்ச... சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு விட்டேன். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் விட்டே போச்சு.

அக்கா: கேளு. என் பொண்ணுக்குக் கணுக்கால்ல தழும்பு உண்டு. சின்னதுல வெந்நீர் கொட்டிக்கிட்டது. புதைக்கிறதுக்கு முன்னால குளிப்பாட்டுறப்ப தேடினேன். இந்தக் கால்ல இல்ல. அந்தக் கால்லயும் இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது அவ இல்லன்னு. உன் கால் விரலை எத்தனையோ நாள் கழிச்சு நம்ம வீட்டு வாசல்ல பாத்தேன். நான் குளிப்பாட்டின கால்ல பாத்த அதே வளைஞ்ச விரல். அது யாருன்னும் அப்பத் தெரிஞ்சுது. ஆனா வாய் வரல. சொன்னா உன் பொண்ணை எடுத்துக்கிட்டு நீ உன் நாட்டுக்குப் போயிருவ. கல்லறையிலயும் எனக்கு யாரும் இல்ல, வீட்டுலயும் யாரும் இல்லன்னு ஆயிரும்... இத்தனை நாள் உன் பொண்ணை என் பேர்ல வச்சிருந்தேன்டி. அதான் கல்லு வைக்கல. இப்ப வாயைத் திறந்து ஏதாவது சொல்லு. எந்திரிச்சுப் போறதுன்னாலும் போ.

நெட்டை: குளிப்பாட்டுற எடத்துக்குள்ள சொந்தக்காரங்களத் தவிர யாரையும் விடல. நான் ஜன்னலுக்கு வெளிய நின்னேன். நீ கணுக்காலைத் திருப்பிப் பாத்த. இன்னொண்ணையும் பாத்த. உன் கை அப்படியே நின்னுச்சு. இவளுக்குத் தெரிஞ்சு போச்சு, இப்ப விட்டுட்டு எந்திரிக்கப் போறான்னு நினைச்சேன். நீ எந்திரிக்கல. மறுபடியும் தண்ணி மொண்ட. காதுக்குப் பின்னால இருந்த சேத்தை விரல் விட்டுத் துடைச்ச. சடையைப் பிரிச்சு, அலசி, பின்னி விட்ட. உன் பொண்ணு இல்லன்னு தெரிஞ்சே செஞ்ச... அதுக்கப்புறம் உன்னை விட்டுட்டு நான் எந்த நாட்டுக்குடி போறது?