தீர்த்தத்தில் கிராம்பு

— வாயைத் திறந்து காட்டு, ரத்தினம்மா. அப்துல் கையூம் பாய் பெரிய ஆஸ்பத்திரியிலே பதினைந்து வருஷமாகப் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். பார்க்கட்டும். நீங்களும் நன்றாகப் பாருங்கள் பாய், இது தெய்வம் போட்ட புண்.

— கொஞ்சம் நகருங்க முதலாளி, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. அடடா. நாக்கு, கன்னம், உதட்டு உள்பக்கம் எல்லாம் வெந்து தோலுரிஞ்சு கிடக்கே. எத்தனை நாளா சாப்பாடு இல்ல?

— நாலு நாள். கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை. பேச்சும் இல்லை. கோயில் கமிட்டி மெம்பர் இந்தத் துரைசாமி வீட்டிலே இப்படி ஒரு களங்கம்.

— என்ன களங்கம்?

— தேக்கா வட்டாரத்துக்கே தெரியுமே. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல் கூலி ஒருத்தனோடு பின்வாசலில் நின்று பேசினாள். தப்பாக ஒன்றும் இல்லை என்றாள். சரி, கமிட்டி முன்னால் சூடத்தை அணைத்து, தீர்த்தம் குடித்துச் சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினாள். பொய்ச் சத்தியம் என்றால் வாய் வெந்துபோகும், ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தேன். மறுநாள் விடிந்து பார்த்தால் இந்தக் கோலம். வியாழக்கிழமைக் கப்பலில் அனுப்பிவிடுகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று.

— தனியாவா? எங்க அனுப்பறீங்க?

— நாகப்பட்டினத்துக்கு, இவள் அம்மா வீட்டுக்கு. எங்கள் பெண்ணும் அங்கேதான் வளர்கிறது. மூன்று வயதில் விட்டு வந்தோம், நாலு வருஷமாகிறது. கூட்டிவாருங்கள் என்று இவள் கேட்காத நாளில்லை. கமிட்டி வேலையிலே எனக்கு ஏது ஒழிவு?

— இதுக்கு முன்னாடி வாய் இப்படி ஆயிருக்கா? தங்கச்சி, பேச வேண்டாம், தலையை ஆட்டினாப் போதும்.

— அவளை ஏன் கேட்கிறீர்கள், நான் சொல்கிறேன். போன வருஷம் பல்வலி என்றாள். ஒரு கிராம்பை அடக்கிக்கொள் என்றேன். அப்போதும் கன்னம் வெந்து ஒரு வாரம் படுத்துக்கிடந்தாள். அது சூடு.

— சூடும் இல்ல, சாமி குத்தமும் இல்ல. சில உடம்புக்குச் சிலது ஆகாது. நண்டு தின்னா எனக்கு உதடு வீங்கும். நான் எந்தச் சத்தியமும் பண்ணலையே. உங்க தீர்த்தத்துல கிராம்பு போடுவாங்களா?

— போடுவார்களாவா? கிராம்பு, ஏலம், பச்சைக் கற்பூரம் மூன்றும் வருஷம் முழுவதும் என் உபயம். வாசல் கல்லிலே பெயரே பொறித்திருக்கிறதே, பார்த்ததில்லையா?

— நான் அந்தக் கோயில் பக்கம் எங்க வர்றேன், முதலாளி. அப்ப விஷயம் முடிஞ்சுது. இது கிராம்பு பண்ணின வேலை. தங்கச்சி மேல குத்தமே இல்ல. கமிட்டிக்கு நானே எழுதித் தர்றேன்.

— அப்படியானால் என் மனைவி உத்தமி.

— அப்படித்தான்.

— அவளையே சோதித்து ஊருக்குக் காட்டியவன் நான். வெள்ளிக்கிழமை கமிட்டித் தலைவர் தேர்தல், பாய். எழுதித் தாருங்கள். இங்கிலீஷிலேயே எழுதுங்கள். அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது, மரியாதையாக இருக்கும்.

— முதல்ல மருந்தைக் கேட்டுக்குங்க. வெங்காரத்தைப் பொரிச்சுத் தேன்ல குழைச்சு மூணு வேளை தடவணும். ஆறின கஞ்சி, தேங்காய்ப்பால், அவ்வளவுதான். காரம், புளி கிட்டவே வரக்கூடாது. கிராம்பு ஆயுசுக்கும் கூடாது.

— ஆகட்டும், ஆகட்டும். ரிக்‌ஷா பிடித்துத் தஞ்சோங் பாகார் துறைமுகம் போய் டிக்கெட்டைத் திருப்பிவிட்டு, நாலு மெம்பர் வீட்டிலும் சொல்லிவிட்டு வருகிறேன். உங்கள் பீவி உள்ளேதானே இருக்கிறார்கள்? இவள் இங்கேயே இருக்கட்டும். ரத்தினம்மா, இனி நீ எங்கேயும் போகவேண்டியதில்லை. கடைசிவரை என் வீட்டிலேயே இருக்கலாம்.

— போயிட்டார். எதுக்கும்மா அழறே? பழி போச்சு, கப்பலும் போச்சு. சந்தோஷப்படணும்லா.

— அண்ணே... கோயில்ல கல்லு மட்டும்தான் இருக்கு.

— என்ன கல்லு? மெல்லப் பேசு, ரத்தம் கசியுது.

— அவர் உபயக் கல்லு. கிராம்பு ஒரு நாளும் போனதில்ல. தீர்த்தம் வெறும் துளசித் தண்ணி.

— அப்ப இந்தப் புண்ணு?

— அந்தக் கப்பல் ஆளு எங்க தெருக்காரரு, அண்ணே. பொண்ணு எப்படி இருக்கான்னுதான் கேட்டேன். என் பேரே அதுக்கு மறந்துபோச்சாம்... கோயிலேர்ந்து வந்ததும் அடுக்களையில நின்னு ஒரு பிடி கிராம்பை நானேதான் மென்னேன்.