காம்பராவுக்கு ஒரு ஜாமீன்

— கைகாட்டி விழுந்துருச்சு றோசலின். ரயில் தலவாக்கொல்லைய விட்டுருச்சு. பிள்ள லீதியாவத் தூக்கிட்டு வர்றேன்னு சொன்ன உன் தம்பிய இன்னும் காணமே?

— வருவான், வருவான். ரோட்டையே மொறச்சுப் பாத்தா சுருக்க வந்துருவானா? இந்தப் பொட்டிமேல செத்த உக்காருங்க, லீதியா அப்பா.

— நாமளே தூக்கிட்டு வந்திருக்கலாம். பனியா இருக்கு, கந்தப்பன் பின்னாடி கொண்டாரட்டும்னு நீதான் சொன்ன.

— ஆமா, நான்தான் சொன்னேன். எல்லாப் பழியும் என் தலையிலயே கெடக்கட்டும். இன்னொருக்கா சொல்லுங்க, கொழும்புல நமக்கு எடம் இருக்கில்ல?

— எத்தன வாட்டி கேப்ப? கொட்டாஞ்சேனையில இப்றாஹிம் முதலாளி கடைக்கு மேல ஒரு அறை. நம்ம சபை றோலண்ட் ஐயா பேசி வச்சிருக்காரு. நாம குடியிருக்கவும் அதுதான், சபை கூடவும் அதுதான்.

— கண்ணால பாத்தீங்களா?

— நான் பாக்கல. ஆண்டவர் பாத்திருக்காரு.

— என்னமோ போங்க. அவருக்கென்ன, புள்ளையா குட்டியா?

— அவருக்கும் ஒரு பிள்ள இருந்துச்சு, றோசலின். அதையும்தான் அனுப்பி வச்சாரு.

— அந்தப் பேச்சு இப்ப வேணாம். கும்புட்டுக் கேக்குறேன், வேணாம்.

— நம்ம சனம் எத்தன பேரு அங்க பங்களாவுல சமைக்குது, ஹோட்டல்ல கோப்ப கழுவுது. ஞாயித்துக்கெழம ஒண்ணா ஒக்காந்து ஒரு பாட்டுப் பாட எடமில்ல. அதுகள யாரு கூட்டிச் சேக்குறது?

— சேருங்க, நான் வேணாங்கல. சனம் சேரலைன்னா? போலீசு புடிச்சு, நீ எந்த நாட்டுக்காரன்னு கேட்டா? பிரசா உரிமை கேட்டு எழுதிப் போட்டோம், இல்லன்னுட்டான். இந்தியாவ நான் பாத்ததே இல்ல. நமக்குன்னு இருக்கிறது அந்த லயத்துல ஒத்த அறைக் காம்பரா ஒண்ணுதான். தோட்டத்து வேலைப் பேரேட்டுல நம்ம பேரு இருக்கிற வரைக்கும்தான் அதுவும். தோட்டத் தொரைகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிறலியே?

— அந்தா கந்தப்பன் வர்றான்! என்னடா, வெறுங்கைய வீசிக்கிட்டு வர்ற? பிள்ள எங்க?

— மச்சான்... அக்கா ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?

— என்ன சொல்லணும்? பிள்ளைக்கு என்னடா?

— மெய்யாலுமே ஒண்ணுமில்ல மச்சான். நல்லா இருக்கு. காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டு நேரத்துல, அக்கா கொழுந்து பறிக்கப் போற நாளுல விடுற மாதிரியே, தோட்டத்துப் பிள்ள மடுவத்துல விட்டுட்டேன். ஆயம்மா தொட்டில்ல போட்டு ஆட்டுறா. அக்காதான் அப்பிடிச் செய்யச் சொல்லுச்சு.

— றோசலின்?

— ஆமா, நான்தான். கத்தாதீங்க, ஆளுக பாக்குது. டேய், கங்காணிகிட்ட சொன்னியா?

— அக்காவுக்குக் காச்சல், வேலைக்கு வராதுன்னு சொன்னேன். அவரு ஒரு மாதிரியாச் சிரிச்சாரு.

— சிரிக்கட்டும். கேட்டீங்களா, லீதியா அப்பா? பிள்ள மடுவத்துல கெடந்தா, ஆத்தாக்காரி லயத்துல படுத்திருக்கான்னு நெனப்பாங்க. பேர வெட்ட மாட்டாங்க, காம்பராவ அடுத்தவனுக்குக் கொடுக்க மாட்டாங்க. ஒரு கெழம, ஏழு நாளு தாங்கும். கொழும்பு நல்லாருந்தா நானே வந்து தூக்கிட்டுப் போறேன். இல்லன்னா பழையபடி கூடைய மாட்டிக்கிறேன்.

— ஒண்ணரை வயசுப் பிள்ளையப் பூட்டாட்டம் மாட்டிட்டு வந்திருக்கியே! பெத்த வயிறாடி இது?

— பெத்த வயிறுதான் பத்தி எரியுது! பால் கட்டி ரவிக்க நனைஞ்சு போயி நிக்கிறேன், ஒங்களுக்கு எங்க தெரியும்? ஒங்களுக்கு ஆண்டவர் ஜாமீன். எனக்கு அந்தக் காம்பராவ விட்டா யாரு? அந்தக் காம்பராவுக்கு என் பிள்ளைதான் ஜாமீன்.

— அக்கா, சண்டைய விடு. ரயில் வந்துருச்சு. பொட்டிய ஏத்தட்டுமா?

— ஏத்துடா. ராவைக்கு நம்ம காம்பராவுலயே பிள்ளையப் படுக்கப் போடு, தம்பி. எடம் மாறுனா தூங்காது, ஏங்கிப் போயிரும். ஏங்க, ஏறுங்க! ஏன் மரமாட்டம் நிக்கிறீங்க?

— கந்தப்பா, பொட்டிய எறக்கு.

— மச்சான்?

— எறக்குடான்னா! றோசலின், நான் ஒண்ணும் பெரிய விசுவாசி இல்ல. போன வருசம் இதே மாதிரி கெளம்பி, ஹட்டன்லயே எறங்கித் திரும்பி வந்தது யாரு? நான்தானே. கதவு தொறந்து கெடந்தா இந்த வாட்டியும் நான்தான் மொதல்ல ஓடியாந்துருவேன். அந்தப் பயத்துல...

— அந்தப் பயத்துல என்ன செஞ்சீங்க? சொல்லுங்க!

— நேத்தே தொரைகிட்டப் போயி நம்ம ரெண்டு பேரு பேரையும் வெட்டச் சொல்லிட்டேன். காம்பராவுக்கு இன்னைக்கே வேற குடும்பம் வருது. மடுவத்துல நம்ம பிள்ளைக்கு இனிமே தொட்டில் இல்ல, றோசலின்.